ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு

கேரியக்கூ தீவில் லிஸ்ட்ரா குவாஷியின் விடுதிக்கு வர நினைக்கிறவர்கள் முதலில் அவளுடைய கடிதத்தைத் தாண்டியாக வேண்டும். கோடையில் அறை கேட்டு யார் எழுதினாலும் அந்த ஒரு பக்கக் கடிதம் அவர்களுக்குப் போய்விடும். அதன் நகல் ஒன்றை மூன்று அறைக் கதவுகளின் பின்னாலும் ஒட்டியிருந்தாள்.

அன்புள்ள விருந்தினருக்கு, என்று அது தொடங்கும். ஜூன் முதல் நவம்பர் வரை இங்கே மழைக்காலம், புயல்காலமும் அதுதான். புழுக்கம் அதிகம். கிழக்குக் கரையில் பழுப்புக் கடற்பாசி ஒதுங்கி அழுகும். அந்த நாற்றம் வீடுவரை வரும், வெள்ளி நகை கறுத்துப்போகும். பொழுது சாய்ந்தால் கொசுவும் மணற்பூச்சியும் கடிக்கும். இந்தத் தீவில் ஆறு கிடையாது, தண்ணீர் மழைத்தொட்டியிலிருந்து வருவது. சோப்புப் போடும்போது குழாயை மூடி வைக்கவும். கடல் கொந்தளித்தால் பெரிய தீவிலிருந்து கப்பல் வராது. கப்பல் வராத நாளில் கடையில் கோழியும் முட்டையும் இருக்காது. மழை விட்டதும் நண்டுகள் சாலையைக் கடக்கும், சில வீட்டுக்குள்ளும் வரும். செப்டம்பரில் உணவகங்களில் பாதி பூட்டிக்கிடக்கும். இப்படிப் போய், கடைசி வரி இவ்வாறு முடியும்: ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

"இதைப் படிச்சா புயலே பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிரும்," என்பான் சிமியோன். தினமும் காலையில் மீன் கொண்டுவருகிறவன் அவன். லிஸ்ட்ராவின் அண்ணன் ஆல்பனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் என்பதால், அவளைக் கேலி செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தான்.

"உள்ளதைத்தானே எழுதியிருக்கேன்?"

"உள்ளதுதான். மாம்பழமும் உள்ளதுதானே? அதை ஏன் எழுதல? பச்சைச் சோளம் வர்றது? படகுப் போட்டி? ஊரே திரும்பி வந்து நிக்குமே, அது?"

"அதெல்லாம் அவங்களே வந்து பாத்துக்குவாங்க. பார்த்துட்டு யாரும் புகார் சொல்லப்போறதில்ல."

புகார்தான் அவளுடைய பயம். இருபத்திரண்டு வருடம் ஹில்ஸ்பரோ தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் கைக்கு வந்த ஒரு கடிதம்கூட இடம் மாறிப் போனதில்லை. ஓய்வு பெற்றதும் அம்மாவின் வீட்டைப் பெரிதாக்கி விடுதியாக்கினாள். முதல் ஆகஸ்டில் வந்த கனடாக்காரத் தம்பதி மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், கணினியில் எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைத்தார்கள். கொசு, நாற்றம், தண்ணீர் எல்லாம் எழுதியிருந்தார்கள். லிஸ்ட்ராவுக்கு அவை உறைக்கவில்லை. 'இதையெல்லாம் யாரும் எங்களிடம் முன்பே சொல்லவில்லை' என்ற ஒரு வரிதான் முள்ளாகத் தைத்தது. அன்றே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினாள். அதன்பிறகு கோடையில் வந்தவர்கள் குறைவு. வந்தவர்களில் ஒருவரும், முன்பே சொல்லவில்லை என்று மட்டும் சொன்னதில்லை.

ஆல்பன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். இருபத்தோரு வயதில் புரூக்ளினுக்குப் போனவன், அங்கே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். பள்ளி திறந்திருக்கும்வரை பேருந்து ஓடும். ஜூலையும் ஆகஸ்டும்தான் அவனுக்கு விடுப்பு. கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கிற ஒரு வாரத்தில் இரண்டு விமானம், ஒரு கப்பல் மாறி வந்து திரும்புவது நடக்கிற காரியமல்ல. அம்மா எர்னஸ்டின் ஏப்ரலில் இறந்தபோது, அடக்கத்துக்கு நான்கு நாள் வந்துவிட்டுப் போனான். போகும்போது படகுத்துறையில், "கல் நடுறப்ப வருவேன், அப்ப நிதானமா இருக்கலாம்" என்றான்.

கேரியக்கூவில் இறந்தவரைப் புதைத்ததோடு வேலை முடிந்துவிடாது. ஓரிரு வருடம் கழித்துப் பெயர் வெட்டிய கல் வரும். வந்த கல், நடுகிற நாள்வரை வீட்டுக்குள்தான் இருக்கும், வெள்ளைத்துணி போர்த்தி. பிறகு உறவெல்லாம் கூடி, பன்றியும் ஆடும் அடித்து, சோளமாவைக் கிளறி உருட்டி, இறந்தவர்களுக்கு உப்பில்லாமல் தனியே ஒரு படையல் வைத்து, மேளம் கொட்டி, கல்லைத் தூக்கிப்போய் நிறுத்துவார்கள். மண்ணுக்கு முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியது தலைப்பிள்ளை. அதுவரைக்கும் இறந்தவர் பாதி வழியில் நிற்கிறார் என்று கணக்கு. எதுவும் குறையிருந்தால் கனவில் வந்து கேட்பார். நேரே கேட்கப் பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டார் கனவிலாவது வந்து சொல்லியனுப்புவார்.

எர்னஸ்டினின் கல் இரண்டாம் வருடம் வந்து சேர்ந்தது. லிஸ்ட்ரா அதைக் கூடத்தில் சுவரோரமாகப் படுக்கவைத்துத் துணி போர்த்தினாள். ஜனவரியில் வந்த ஒரு விருந்தாளி அதை மேசை என்று நினைத்துக் காப்பிக் கோப்பையை வைத்துவிட, சிமியோன் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்: "எர்னஸ்டினம்மா காப்பி குடிக்கத்தான் இன்னும் கிளம்பாம இருக்காங்க."

அந்த வருடக் கோடையில் ஆல்பன் வருகிறேன் என்றான். மழைத்தொட்டியில் விரிசல் விழுந்து பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் எப்படி விருந்து வைப்பது என்று லிஸ்ட்ரா தள்ளிப்போட்டாள். அடுத்த கோடையில் கடற்பாசி அதுவரை காணாத அளவுக்கு ஒதுங்கியது. இந்த நாற்றத்தில் வேண்டாம், வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டா சாப்பிடுவார்கள் என்றாள். இரண்டுமே பொய்யில்லை. வீட்டை அண்ணன் பார்க்கும்போது அது நன்றாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பெயின்ட் அடித்து, முற்றத்தில் காகிதப்பூ பூத்து, கடல் தெளிந்திருக்கிற ஜனவரியில் அவன் படியேறி வந்து, 'நீயா இத்தனையும் செஞ்ச?' என்று கேட்பதை அவள் பலமுறை மனதுக்குள் பார்த்திருக்கிறாள். ஜனவரியில் அவன் பேருந்துக்குள் இருப்பான் என்பது அந்தக் காட்சிக்குள் வராது.

அதற்கும் அடுத்த வருடம், மே மாதத்தில் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"தங்கச்சி, இந்த ஆகஸ்ட் நான் வர்றேன். படகுப் போட்டி முடிஞ்ச மறுநாள் கல்லை நட்டுருவோம். சிமியோன்கிட்ட மேளத்துக்குத் தோல் மாத்தச் சொல்லிட்டேன்."

"சிமியோன் அண்ணன்கிட்ட முதல்ல சொல்லிட்டு என்கிட்ட ரெண்டாவதா சொல்றியா?"

"உன்கிட்ட முதல்ல சொன்னா நீ புயல் அறிக்கை வாசிப்பே."

லிஸ்ட்ரா விடுதி ஏட்டைப் புரட்டினாள். படகுப் போட்டி வாரத்துக்கு மூன்று அறைகளையும் ஓர் ஆங்கிலேயப் படகோட்டிக் கூட்டம் எடுத்திருந்தது. கோடையில் வீடு நிறைவது இதுதான் முதல் தடவை. கடிதத்தைப் படித்துவிட்டும் வருகிறேன் என்றவர்கள் அவர்கள்.

"அந்த வாரம் அறை இல்லண்ணே."

"என் ரூம்?"

அவன் கேட்டது இரண்டாம் எண் அறையை. சிறுவனாக அவன் படுத்திருந்த அறை அது. ஜன்னலுக்கு வெளியே மாமரக் கிளை வரும்.

"அதையும் குடுத்துட்டேன்."

"சரி, சிமியோன் வீட்டுல தங்கிக்கறேன். அவன் குறட்டைக்கு நான் பழக்கம்தான்."

"நம்ம வீடு இங்க இருக்க, நீ ஊரான் வீட்டுல தங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க? அம்மா கல்லை நட வந்தவன் அம்மா வீட்டுல படுக்கலன்னு என்னைத்தானே சொல்வாங்க? கிறிஸ்துமஸுக்கு வாண்ணே. நல்லா இருக்கும். காத்து அடிக்கும்."

"கிறிஸ்துமஸுக்கு மாம்பழம் இருக்குமா?"

"எப்படி இருக்கும்?"

"நண்டு நடக்குமா?"

"அண்ணே, விளையாடாத."

"இல்ல, கேட்டேன்." சிரித்தான். பிறகு, "யோசிச்சுச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அவள் யோசித்தாள். யோசித்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படகோட்டிகளுக்கு இல்லை என்று எழுதினால் சொன்ன சொல் தவறும். அவள் வாழ்நாளில் அதைச் செய்ததில்லை. அண்ணனோ சொந்தம், புரிந்துகொள்வான். இருந்தாலும் அவனுக்கு எழுத்தில் ஏதாவது அனுப்ப வேண்டுமே என்று தோன்றியது. ஒரு வியாழக்கிழமை, கோடை பற்றிக் கேட்டு வந்த இரண்டு கடிதங்களுக்குப் பதில் அனுப்பும்போது, மூன்றாவதாக ஒரு உறையை எடுத்து அதே நகலை மடித்து வைத்து, மேலே ஆல்பன் குவாஷி, புரூக்ளின் என்று எழுதினாள். அவன் படித்துவிட்டு அவனாகவே கிறிஸ்துமஸ் என்று முடிவு செய்துவிடுவான். யாரும் யாரையும் வர வேண்டாம் என்று சொன்னதாக இருக்காது.

இரண்டு வாரம் கழித்து அவன் கூப்பிட்டான்.

"கடுதாசி வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன். 'அன்புள்ள விருந்தினருக்கு'ன்னு இருந்துச்சு." காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. "சோப்புப் போடும்போது குழாயை மூடணுமாமே. அந்தத் தொட்டிக்கு நானும் அப்பாவும்தான் கல் சுமந்தோம், லிஸ்."

"மேல இருந்ததை மாத்த மறந்துட்டேன்ணே. எல்லாருக்கும் அனுப்புறது அது."

"அதான். எல்லாருக்கும் அனுப்புறது." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது பேசி, இரண்டு பேரும் கத்தி, சரியாகியிருக்கும். "சரி தங்கச்சி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரைன்னு போட்டிருக்கே, அப்படியே பார்ப்போம்."

படகோட்டிகள் வந்தார்கள், போட்டியில் தோற்றார்கள், சந்தோஷமாகத் திரும்பினார்கள். இரண்டாம் அறையில் தங்கியவன் மாமரக் கிளை ஜன்னலில் உரசுகிறது, வெட்டிவிடலாமே என்றான். அவள் வெட்டவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு காலை, பேருந்து நிறுத்துமிடத்தில் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஆல்பனின் இதயம் நின்றது. வண்டி இன்னும் கிளம்பாததால் பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை. அங்கேயே புதைத்தார்கள். புயல் எச்சரிக்கையால் கப்பல் மூன்று நாள் ஓடவில்லை. லிஸ்ட்ராவால் போக முடியவில்லை.

பிறகு அவன் கனவில் வர ஆரம்பித்தான். முதலில் சிமியோனிடம்.

"நேத்து உங்கண்ணன் வந்தான்," என்று ஒரு காலை சிமியோன் தராசை வாசற்படியில் வைத்துவிட்டுச் சொன்னான். அன்று அவன் கேலி எதையும் கொண்டுவரவில்லை. "நீலச் சட்டை. கையில செருப்பு. என் படகுல உட்கார்ந்து வலையைச் சிக்கெடுத்தான். ஒண்ணும் பேசல."

அடுத்த வாரம் கடைக்காரி தியோனிலா, அரிசி நிறுத்துக்கொண்டே, ஆல்பன் வந்து மீன்குழம்பு கேட்டான் என்றாள். தேவாலயத்தில் மணியடிக்கிறவனிடம் வந்து மணி சரியாயிருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். ஊரில் அவனைக் காணாதவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். லிஸ்ட்ராவிடம் அவன் ஒருநாளும் வரவில்லை.

அவள் வழியெல்லாம் பார்த்தாள். அவனுடைய பழைய தொப்பியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு குவளை தண்ணீரும் கொஞ்சம் ரம்மும் ஜன்னலில் வைத்தாள். அம்மாகூட இரண்டு தடவை வந்தாள், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் வரவில்லை.

"என்கிட்ட ஏன் வரல?" என்று ஒருநாள் சிமியோனைக் கேட்டேவிட்டாள்.

அவன் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "சொல்லாம இருக்கலாம்னுதான் பார்த்தேன். திங்கக்கிழமை வந்தப்ப கேட்டான், லிஸ்ட்ரா வீட்டுல ரூம் காலியான்னு."

கனவு விஷயத்தில் கேரியக்கூவில் யாரும் விளையாட மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும். மீனை வாங்காமலே உள்ளே போனாள்.

மறுநாள் புரூக்ளினுக்குத் தொலைபேசி செய்தாள். ஆல்பனின் ஒரே மகள் கெசியா எடுத்தாள். தீவை அவள் பார்த்ததில்லை.

"ஆகஸ்டுல பாட்டியோட கல்லை நடுறோம். உங்கப்பாவுக்கும் சேர்த்துப் படையல். நீ வரணும். தலைப்பிள்ளையோட பிள்ளை நீதான் தண்ணி ஊத்தணும்."

"வர்றேன் அத்தை. ஆகஸ்டுல அங்க எப்படி இருக்கும்? நான் என்ன எடுத்துட்டு வரட்டும்?"

புழுக்கம், கொசு, பாசி, கப்பல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. லிஸ்ட்ரா வாயை மூடித் திறந்தாள். "வா. அவ்வளவுதான்."

கெசியா வந்த அன்று கடல் கொந்தளித்துக் கப்பல் நான்கு மணி நேரம் தாமதம். இறங்கியதும் துறையின் விளிம்பில் குனிந்து வாந்தியெடுத்தாள். பாசி நாற்றம் வரவேற்றது. இரண்டாம் அறையில் அவளைப் படுக்கவைத்தாள் லிஸ்ட்ரா; காலையில் எழுந்தபோது கைகால் முழுக்கத் தடிப்பு.

"கொசு இப்படிக் கடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை," என்றாள் சொறிந்துகொண்டே. பிறகு கதவின் பின்புறம் பார்த்தாள். "ஓ. இந்தக் கடுதாசி."

"உனக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு. ரொம்ப நாள். அப்பா காப்பி போடறப்ப எல்லாம் படிப்பார். 'நண்டு வீட்டுக்குள்ள வருமாம், பாரு'ன்னு எனக்கும் படிச்சுக் காட்டுவார்." யோசித்துச் சொன்னாள்: "ஒரு தடவை நான் கேட்டேன், அப்ப போலாமேன்னு. 'கூப்பிடட்டும்'னார்."

லிஸ்ட்ரா படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். ஏற்கெனவே நீவியிருந்த விரிப்பு அது. கூடத்தில் தியோனிலா வந்து, பன்றியை எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று சத்தம் போட்டுக் கேட்டாள்.

படையல் அன்று ஊர் முழுக்க முற்றத்தில் இருந்தது. பச்சைச் சோளம் வெந்தது. முப்பது வருடமாகப் பேசாத இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒரே அண்டாவைக் கிளறினார்கள், அப்போதும் பேசாமலே. உள்ளறை மேசையில் லிஸ்ட்ரா வெள்ளைத்துணி விரித்து, அம்மாவுக்கு ஒரு தட்டும் அண்ணனுக்கு ஒரு தட்டுமாக உப்பில்லாத சோறும் இறைச்சியும் வைத்து, மீன்குழம்பை ஆல்பனின் தட்டுப் பக்கமாக நகர்த்தினாள். தட்டின் ஓரத்தில் மரத்திலிருந்து கடைசியாகக் கிடைத்த மாம்பழம் ஒன்றை வைத்தாள். யாரும் எட்டிப்பார்க்காதபடி கதவைச் சாத்தினார்கள்.

கல்லைத் தூக்கிக்கொண்டு போகும்போது மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஒதுங்கவில்லை. சிமியோன் மேளத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தான். புதைகுழியருகே தண்ணீர்க் குவளை கெசியாவின் கைக்குப் போனது. அவள் அத்தையைப் பார்த்தாள். லிஸ்ட்ரா தலையசைக்க ஒரு கணம் தாமதித்தாள். குறை தீர்ந்தவர்கள் கனவில் வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அம்மா இனி முழங்கால் வலி என்று வரப்போவதில்லை. அண்ணனும் வரப்போவதில்லை, அவளிடம் ஒரு தடவைகூட வராதவன். தண்ணீரைத் தடுத்துவிடலாமா என்றுகூட அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது.

பிறகு தலையசைத்தாள். கெசியா ஊற்றினாள். ஏற்கெனவே நனைந்திருந்த மண் அதையும் குடித்துக்கொண்டது.

ஒரு வாரம் இருந்துவிட்டு கெசியா கிளம்பினாள். அன்று கடல் தட்டு மாதிரி கிடந்தது. அவளைக் கப்பலேற்றிவிட்டு வந்ததும் லிஸ்ட்ரா இரண்டாம் அறைக் கதவின் பின்னாலிருந்த கடிதத்தை உரித்தெடுத்தாள். நான்கு மூலையிலும் பசை பெயின்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அடுத்த ஆகஸ்டுக்கு அந்த அறையைக் கேட்டிருந்தவர்களுக்கு, கோடையில் அது கிடைக்காது என்று இரண்டே வரியில் பதில் எழுதினாள். மதியம் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். மாமரக் கிளை உரசியது. மழைத்தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூங்கி எழுந்தாள். எதுவும் வரவில்லை.

காலையில் சிமியோன் வந்து தராசை வைத்தான்.

"வந்தானா?" என்று அவன்தான் கேட்டான்.

"இல்லண்ணே. உங்ககிட்ட?"

"கல்லு நட்டதுலருந்து வரல. தியோனிலாகிட்டயும் வரலையாம். போய்ச் சேர்ந்துட்டான், லிஸ்ட்ரா. நல்லதுதான்."

"நல்லதுதான்," என்றாள் அவளும்.

அவன் இரண்டு மீனை எடுத்துத் தட்டில் போட்டான். எடைக்கல்லைத் தேடினான். அவள் வாசற்படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"அந்தப் படகுல வந்தது இருக்கே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. நீலச் சட்டைன்னீங்க. அரைக்கையா, முழுக்கையா?"

சிமியோன் தராசைக் கீழே வைத்தான்.

"முழுக்கை. மடிச்சு விட்டிருந்தான்," என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.